ஊசி உருளையும் கோயில் வீதியும்

பருக்கள் வந்து போய் இருபது வருடங்களுக்குப் பிறகு, நாற்பதை நெருங்கும் வயதில், என் முகத்தைப் பற்றி நான் கவலைப்படத் தொடங்கியதற்கு ஒரு கல்யாண ஆல்பம்தான் காரணம்.

அதுவரை அந்த முகத்தோடு எனக்கு ஒரு சச்சரவும் இருக்கவில்லை. இரண்டு கன்னங்களிலும் குழிகள். சில குத்தூசியால் குத்தியதுபோல ஆழமானவை. சில பெருவிரலால் அமத்தியதுபோல அகலமானவை. எங்கள் பக்கத்தில் ஓர் ஆணின் முகத்தில் குழி இருந்தால் யாரும் அதைப் பரு என்று நினைப்பதில்லை, சண்டைக்காலக் காயம் என்றே நினைப்பார்கள். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கிளையில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்கள் என் கன்னத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஷெல்லோ தம்பி?" என்று கேட்பார்கள்.

"இல்லை, பரு" என்பேன்.

"ஓம், ஓம். கதைக்க விருப்பமில்லை எண்டால் விடும்" என்று தோளில் தட்டுவார்கள். எத்தனை தரம் சொன்னாலும் நம்புவதில்லை. அடக்கமானவன் என்ற பெயர் எனக்கு அப்படித்தான் வந்தது.

பிறகு அரியாலையில் என் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கச்சிக்குக் கல்யாணம் நடந்தது. ஆல்பம் வந்தபோது அதில் மணமக்களுக்குப் பக்கத்தில், என் சட்டையையும் என் வேட்டியையும் உடுத்திக்கொண்டு, வேறொருவர் நின்றிருந்தார். முகம் அவித்து உரித்த முட்டைபோல இருந்தது. ஸ்டூடியோக்காரர் கேளாமலே எல்லாவற்றையும் கணினியில் மெழுகிவிட்டிருந்தார். மாமியார் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "உது ஆர், மாப்பிள்ளை பகுதியோ?" என்று கேட்டார்.

என் மனைவி அந்தப் படத்தை அதிக நேரம் பார்த்தாள்.

"இஞ்சை பாருங்கோ. இதிலை எவ்வளவு வடிவா இருக்கிறியள்."

"அது நான் இல்லை."

"அதுதான் சொல்லுறன், வடிவா இருக்கெண்டு."

அவள் அந்தப் படத்தைப் பெரிதாக்குவித்துச் சட்டம் போட்டு, தொலைக்காட்சிக்கு மேலே மாட்டினாள். ஒவ்வொரு இரவும் நாடகம் பார்க்கும்போது விளம்பர இடைவேளைகளில் அவளுடைய கண் மேலே போவதைக் கவனித்தேன். ஒரு மனிதன் தன் வீட்டில், தன் சட்டையைப் போட்ட இன்னொருவன்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு சங்கடமானது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விளங்கப்படுத்த வேண்டியிருக்கும்.

முதலில் வீட்டிலேயே முயன்றேன். கற்றாழை பூசினேன், வெண்டிக்காய்த் தண்ணீரில் முகம் கழுவினேன். மனைவி சொன்னாளென்று எலுமிச்சை, அதுதான் எங்கள் தேசிக்காய், அதன் புளியும் பூசினேன். ஒரு பக்கக் கன்னம் கறுத்தது. அதற்குப் பிறகுதான் நகரத்தில் மாலை நேரங்களில் இருக்கும் தோல் வைத்தியரிடம் போனேன். என் வயதுதான் இருக்கும் அவவுக்கு. விளக்கை என் கன்னத்துக்குக் கிட்டப் பிடித்து, வீட்டுச் சுவரில் வெடிப்புப் பார்க்கும் மேசனைப்போல அப்படியும் இப்படியும் பார்த்தார்.

"என்னென்ன பூசினீங்கள்?"

சொன்னேன்.

"தேசிக்காய் ஆர் சொன்னது?"

"மனிசி."

"அவ தன்ரை முகத்துக்குப் பூசினவவோ?"

"இல்லை."

"கெட்டிக்காரி" என்றார்.

பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார். பூச்சுகள் நிறத்தைக் கொஞ்சம் மாற்றும், குழியை நிரப்பாது. தோலுக்குக் கீழே பழைய காயத்தின் நார்கள் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் குழி குழியாகவே நிற்கிறது. வெட்டாமல் தைக்காமல் செய்யக்கூடிய வழிகள் சில உண்டு. சின்ன ஆழமான குழிகளுக்குள் ஒரு துளி அமிலம் வைக்கலாம். அகலமான குழிக்கு ஊசியால் உள்ளே நிரப்பலாம், ஆனால் அது காலப்போக்கில் கரைந்துவிடும். லேசர் இருக்கிறது.

"எங்கடை நிறத்துக்கு லேசர் வலு கவனமாச் செய்யோணும். பிழைச்சுதெண்டால் குழி போய்க் கறுப்பு நிக்கும். உங்களுக்கு நான் ஊசி உருளைதான் சொல்லுவன். நுண்ணிய ஊசியளாலை தோலைக் குத்திவிட்டால், காயம் வந்திட்டுதெண்டு நினைச்சு அது தானே புதுசாக் கட்டத் தொடங்கும். உங்கடை கையிலை இரத்தம் எடுத்து, அதிலை தெளிஞ்ச பகுதியை மேலை பூசுவம்."

"அப்ப தோலை ஏமாத்திறதோ?"

"ஓம்."

"முழுக்கப் போகுமோ டொக்டர்?"

"போகாது. பாதி குறைஞ்சால் நான் சந்தோசப்படுவன். நீங்களும் படப் பழகோணும். ஒருக்காச் செய்து காணாது, மாதத்துக்கு ஒருக்கா, நாலு தரமாவது வேணும். அதோடை வெய்யில் படக்கூடாது."

யாழ்ப்பாணத்தில் வெயில் படாமல் இருப்பது எப்படி என்று அவவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெயிலுக்குப் பூசும் கிறீம் ஒன்றை எழுதித் தந்தார். அடுத்த நாளிலிருந்து அதைப் பூசிக்கொண்டு, அகல விளிம்புத் தொப்பியும் போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன். கிறீம் என் நிறத்தில் சேராமல் வெள்ளையாக நின்றது. கூத்துக்கு வேஷம் கட்டி இடைநடுவில் விட்டதுபோல இருப்பதாக மனைவி சொன்னாள். அலுவலகத்தில் எல்லோரும் திருநீறு என்று நினைத்தார்கள். முகாமையாளர் என்னிடம் முன்னையைவிட மரியாதையாகக் கதைத்தார்.

ஊசி உருளைக்குப் போனது ஒரு வியாழன் பின்னேரம். முதலில் தாதி முகம் முழுக்க விறைக்கும் களிம்பு பூசிவிட்டு, கையில் இரத்தம் எடுத்து, ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்துச் சுழலவிட்டார். காத்திருந்த நேரத்தில் என்ன வேலை என்று கேட்டார். காப்புறுதி என்றேன். உதடும் விறைத்திருந்ததால் அது வேறு ஏதோவாக வெளியே வந்தது. என்றாலும் அவருக்கு இரண்டு பிள்ளைகள் என்று தெரிந்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பிள்ளைகளின் படிப்புக்கான திட்டமொன்றை விறைத்த வாயால் முழுவதுமாக விளங்கப்படுத்தினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "நோகுதெண்டால் கையைத் தூக்குங்கோ, கதைக்க வேண்டாம்" என்றார்.

நொந்தது. நெற்றிப் பக்கம் வரும்போது எலும்பில் யாரோ தட்டச்சு செய்வதுபோல இருந்தது. முடிந்து கண்ணாடியில் பார்த்தால் முகம் பழுத்த தக்காளி நிறத்தில், பொட்டுப் பொட்டாக இரத்தத்தோடு இருந்தது. மூன்று நாலு நாளில் வடிந்துவிடும், வேறொன்றும் பூசக்கூடாது, தூசி படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஓட்டோவில் வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் வீடு கொக்குவிலில் ரயில் பாதைக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. முன்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். நாங்கள் அன்ரி என்று கூப்பிடுவோம். தபால் கந்தோரை விட்டு வந்த பிறகும் ஒழுங்கைக்குள் எந்தச் செய்தியும் அவர் கையால்தான் விநியோகமாகும். நான் ஓட்டோவில் இருந்து இறங்கியபோது அவர் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, அதிலை நில்லும்" என்றார். குழாயை நிலத்தில் போட்டுவிட்டு, மதிலுக்கு மேலால் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

"அம்மாள் வந்திருக்கிறா."

கொப்பளிப்பான் என்ற அம்மை வந்தால் எங்களுக்கு அது நோயில்லை, அம்மாள். நான் வாயைத் திறக்க முதலே கேற்றைத் திறந்துகொண்டு வந்த என் மனைவி, "ஓம் அன்ரி, காலமை தொடக்கம் காய்ச்சல்" என்று சொல்லிவிட்டாள்.

உள்ளே வந்ததும் கேட்டேன், "ஏன் அப்பிடிச் சொன்னீர்?"

"பின்னை என்ன சொல்லச் சொல்லுறியள்? நாற்பது வயசு மனிசன் வடிவுக்கு முகத்தைக் குத்துவிச்சு, தன்ரை இரத்தத்தைத் தானே பூசிக்கொண்டு வந்து நிக்கிறார் எண்டோ?"

நான் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டியிருந்தவரைப் பார்த்தேன்.

விடிந்தபோது எங்கள் கேற்றில் வேப்பங்குழை கட்டியிருந்தது. நாங்கள் கட்டவில்லை. மதியத்துக்குள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது. இனி அம்மாள் இறங்கித் தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரைக்கும் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் கூடாது, தாளிக்கக் கூடாது, யார் வீட்டுக்கும் போய்வரக் கூடாது. மனைவி படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் இருந்து அதிபர் தொலைபேசி எடுத்து, சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடம், இரண்டு கிழமை வரவேண்டாம் என்றார். அவள் மிகவும் கவலையான குரலில் சரி என்று சொல்லிவிட்டு, நாடகத்தின் விட்டுப்போன பகுதிகளைத் தொடக்கத்தில் இருந்து பார்க்கத் தொடங்கினாள். இரண்டு நாள் லீவு கேட்டிருந்த எனக்கும் அலுவலகம் பத்து நாள் தந்தது.

அன்ரி ஒவ்வொரு நாளும் இளநீரும், வேப்பிலையும் மஞ்சளும் சேர்த்து அரைத்த களியும் கொண்டுவந்து மதிலில் வைப்பார். வைத்தியர் ஒன்றும் பூசக்கூடாதென்று சொல்லியிருந்ததால் இளநீரை மட்டும் நான் குடிப்பேன். களியை எறிய மனம் வராமல் மனைவி தன் முகத்தில் பூசிக்கொண்டாள். அந்தக் கிழமை முடியும்போது எங்கள் இருவரில் தோல் மினுங்கியது அவளுக்குத்தான்.

நாலாம் நாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்துவிட்டார். கொப்பளிப்பான் பரவுகிறதா என்று பார்க்க வந்திருந்தார். கேற்றுக்கு வெளியே நின்றபடி, கொப்பளம் உடைந்ததா, யாரிடமிருந்து தொற்றியது என்று கேட்டார். அரசாங்க உத்தியோகத்தரிடம் பொய் சொல்லப் பயமாக இருந்தது. வேப்பங்குழைக்கு நடுவால் முகத்தை நீட்டி, மெதுவான குரலில் உண்மையைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எதிரே மதிலுக்கு மேலால் தெரிந்த அன்ரியின் தலையைப் பார்த்தார்.

"ஊசி தொத்தாதுதானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தொத்தாது."

"அப்ப உடுப்புகளைச் சுடுதண்ணியிலை போட்டுத் தோயுங்கோ" என்று மறுபக்கத்துக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

தண்ணீர் வார்க்கும் நாளை அன்ரியே பார்த்து வைத்தார். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை என் தலையில் ஊற்றினார்கள். தலை துவட்டிவிட்டு நிமிர்ந்தபோது அன்ரி என் கன்னத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். பொட்டுகள் போய்விட்டன, வீக்கமும் பெரும்பாலும் வடிந்துவிட்டது. அந்த வீக்கத்தின் மிச்சத்தால்தானோ என்னவோ, பழைய குழிகளும் கொஞ்சம் மேலே எழும்பினமாதிரி இருந்தன.

"பிள்ளை, இஞ்சை ஓடிவா" என்று என் மனைவியைக் கூப்பிட்டார். "அம்மாள் புது வடு ஒண்டும் வைக்கேல்லை. பழசிலையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறா." கண் கலங்கியிருந்தது. பிறகு அதே குரலில், "நான் நேந்தனான். வடு விழாமல் மாறினால் தம்பி வெள்ளிக்கிழமை பிரதட்டை பண்ணுவர் எண்டு" என்றார்.

பிரதட்டை என்றால் கோயில் வீதியில் வெறும் மேலோடு, கையைத் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு, மண்ணில் உருண்டு வலம் வருவது. என்னைக் கேளாமல் என் உடம்பை அவர் நேர்ந்திருந்தார். ஆனால் அந்தக் கிழமை முழுக்க அவர் தந்த இளநீர் என் வயிற்றில் இருந்தது. சரி என்று தலையாட்டினேன்.

வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"டொக்டர், பிரதட்டை பண்ணலாமோ?"

"ஆர் பண்ணுறது?" என்றார்.

"நான்தான்."

"இதை இவ்வளவு காலத்திலை ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை. மண் முகத்திலை படாட்டில் பண்ணுங்கோ. வெய்யில் ஏற முதல் முடியுங்கோ. கிறீமைப் பூசிக்கொண்டு போங்கோ."

வெள்ளிக்கிழமை விடியக் காலமை, முகம் நிறையக் கிறீமோடு அம்மன் கோயில் வீதியில் படுத்தேன். அன்ரி முன்னால் செம்பில் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனார். மனைவி பின்னால் வந்தாள். முகம் நிலத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் கழுத்தை விறைப்பாக நிமிர்த்தி நாடியை மேலே தூக்கிக்கொண்டு உருண்டேன். தேர்முட்டிக்குக் கிட்ட வரும்போது வானம் எது, மண் எது என்று தெரியவில்லை. கோயிலுக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். தலையைத் தரையில் வைக்காமல் அம்மாளையே பார்த்துக்கொண்டு உருளுகிறான், இப்படியொரு பக்தியைத் தான் கண்டதில்லை என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. வியர்வையில் கிறீம் வழிந்து மார்பு வரைக்கும் வெள்ளைக் கோடுகளாக இறங்கியிருந்தது. ஐயர் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு திருநீறு போதும் என்று நினைத்தாரோ என்னவோ, எனக்குச் சந்தனம் மட்டும் தந்தார்.

எழும்பி நின்றபோது தலை சுற்றியது. ஆனால், சொன்னால் நம்புவது கஷ்டம், நெஞ்சு மிகவும் இலேசாக இருந்தது. என் முகத்துக்காக இவ்வளவு பேர் காலமையில் எழும்பி வந்து நின்றது அதற்கு முன் நடந்ததில்லை.

பிரச்சினை அடுத்த மாதம்தான் வந்தது. நாலு தரம் செய்யவேண்டிய சிகிச்சையில் ஒன்றுதான் முடிந்திருந்தது. அம்மாள் ஒருவருக்கு ஒருக்கால்தான் வருவா. மாதாமாதம் வரமாட்டா.

மனைவி யோசித்து ஒரு வழி சொன்னாள். "ஊசி குத்திப்போட்டு நேரா உடுப்பிட்டிக்குப் போங்கோ. அண்ணை வீட்டிலை ரெண்டு மூண்டு நாள் நிண்டு, முகம் வடிஞ்சாப் பிறகு வாங்கோ." அவளுடைய தமையன் ஒன்றும் கேட்காத மனிதர். நல்ல யோசனையாகப்பட்டது. பையில் மாற்றுடுப்பு வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன்.

காத்திருக்கும் அறையில், மின்விசிறிக்குக் கீழே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முன்வீட்டு அன்ரி இருந்தார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்டுவிட்டோம். திரும்பிப் போக வழியில்லை. அவருக்குப் பக்கத்துக் கதிரை மட்டும்தான் காலியாக இருந்தது. போய் இருந்தேன்.

"நான் பல்லுக்கு வந்தனான் தம்பி" என்றார், என்னைப் பாராமல்.

எங்களுக்கு முன்னால் சுவரில், தோல் நோய் வைத்தியம் என்று பெரிய எழுத்தில் இருந்தது.

"நானும் பல்லுக்குத்தான் அன்ரி" என்றேன்.

"கடைவாய்ப் பல்லோ?"

"ஓம். உங்களுக்கு?"

"முன்பல்லு."

கொஞ்ச நேரத்தில் தாதி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "மங்குக்குத் தோல் உரிக்க வந்த அம்மா வாங்கோ. காப்புறுதி அண்ணை, நீங்கள் களிம்பு பூச வாங்கோ" என்று கூப்பிட்டார். நாங்கள் இருவரும் ஒன்றாக எழும்பிப் போனோம்.

நான் வெளியே வந்தபோது அவர் வாசலில் எனக்காக நின்றார். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. உடுப்பிட்டிக்குப் போகும் எண்ணத்தைக் கைவிட்டேன். ஒரே ஓட்டோவில் ஏறினோம்.

"கன்னத்திலை இந்தக் கறுப்பு மங்கு கனகாலமா இருக்குது" என்றார் அன்ரி. "மங்குக்கெல்லாம் அம்மாளைக் கரைச்சல்படுத்தக் கூடாது. அவவுக்கு ஆயிரம் வேலை."

"ஓம் அன்ரி."

"அப்ப தம்பி, அண்டைக்கு உமக்கு வந்தது?"

"ஊசி அன்ரி."

ஓட்டோ ரயில் கடவையில் நின்றது. ரயில் போய் முடியும்வரை அவர் அதன் பெட்டிகளை எண்ணினார். கடவை திறந்ததும் கேட்டார், "அப்ப பிரதட்டை?"

"அது உண்மையா உருண்டதுதான் அன்ரி. நீங்கள் பாத்துக்கொண்டுதானே வந்தனீங்கள்."

"ஓம். அது உண்மைதான்" என்றார். கணக்கு அவருக்குள் எப்படியோ சரிவந்துவிட்டது. கைப்பையில் இருந்து கண்ணாடியை எடுத்துத் தன் முகத்தைப் பார்த்தார். பிறகு அதை என்னிடம் நீட்டினார். "ஒழுங்கையிலை கேட்டால் ரெண்டு பேரும் பல்லுப் பிடுங்கினது எண்டு சொல்லுவம். வீங்கினால் சிவக்கும்தானே."

அந்தச் செய்தியையும் அவர்தான் விநியோகித்தார். யாரும் சந்தேகப்படவில்லை. அன்று இரவே இரண்டு வீட்டுக்கும் சவ்வரிசிக் கஞ்சி வந்தது.

சிகிச்சை முழுவதும் முடிந்து இப்போது கன நாளாகிவிட்டது. வைத்தியர் சொன்னதுபோலத்தான் ஆனது. பாதி குறைந்தது. குழல் விளக்குக்குக் கீழே நின்றால் மிச்சம் இருப்பது தெரியும். அன்ரியின் மங்கு வெளிறியது, வெயிலில் நின்றால் திரும்ப வரும் என்கிறார். அதனால் அவரும் தொப்பி போட்டுத்தான் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறார்.

ஆனால் பல்லுப் பிடுங்கின அந்தக் கிழமையை நினைத்தால் எனக்கு இப்போதும் பசிக்கும். ஒழுங்கையின் கடைசியில் ஒரு புதுவீட்டின் குடிபூரல் வந்தது. போகாமல் விடமுடியாது. பந்தலில் எல்லோருக்கும் சுடச்சுட உழுந்து வடை வைத்துக்கொண்டு வந்தவர்கள் எங்கள் இருவரையும் பார்த்ததும், "ஐயோ, உங்களாலை கடிக்க ஏலாது" என்று பரிதாபப்பட்டுப் பாயாசம் மட்டும் வைத்தார்கள். என் மனைவி எங்களுக்கு முன்னால் இருந்து தன்னுடைய வடையைச் சாப்பிட்டு, என்னுடையதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அன்ரி பாயாசத்தை ஒரு மிடறு குடித்துவிட்டு என் பக்கம் சரிந்தார்.

"தம்பி, வடை நல்ல மணமா இருக்கு."

"ஓம் அன்ரி."

"எனக்கு முன்பல்லுதானே, நாளைக்கு நோ மாறீடும்" என்றார். "நீர் கடைவாய் எண்டு சொல்லிப்போட்டீர். உமக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு."